ஒன்றரை ஷிப்ட் போக மிச்சம் எவ்வளவு?

திருப்பூரில் ஒருவரிடம் எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் மணிக்கணக்கில் பதில் வராது. "ஒரு ஷிப்ட்டுங்க", "ஒன்றரைங்க" என்றுதான் சொல்வார்கள். ஒரு ஷிப்ட் 8 மணி நேரம். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை. ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது அது இன்னும் நீளும். கடன், சீட்டு, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் என்று வீட்டு வரவுசெலவெல்லாம் இந்த ஷிப்ட் எண்ணிக்கையில்தான் ஓடுகிறது.

நேரத்தை அளப்பதில் இந்த ஊருக்கு நிகர் கிடையாது. ஒரு டி-ஷர்ட்டுக்குத் தோள் மூட்ட எத்தனை விநாடி, கழுத்துப் பட்டி ஏற்ற எத்தனை விநாடி, சைடு அடிக்க எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்ச் பிடித்து அளந்து, எஸ்.ஏ.எம். என்று பெரிய பனியன் கம்பெனிகளில் எழுதி வைத்திருப்பார்கள். ஒரு பீஸுக்கு ஆகவேண்டிய நிமிடம் அது. அந்தக் கணக்கு தப்பினால் விலை தப்பும், ஆர்டர் நஷ்டமாகும்.

அப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் பயிற்சிக்கு இறங்குகிற பலர், அந்தக் கணக்கை மட்டும் போட மறந்துவிடுகிறார்கள்.

விடிகாலை ஐந்தரைக்கு ஊத்துக்குளி சாலையிலோ அவிநாசி சாலையிலோ ஹெல்மெட்டும் இறுக்கமான ஜெர்சியுமாகச் சிலர் போவதைப் பார்க்கலாம். மெர்ச்சண்டைசர், பிரிண்டிங் யூனிட் நடத்துபவர், பேங்க்கில் வேலை பார்ப்பவர், டாக்டர் எனப் பலரும் அதில் இருப்பார்கள். கியர் சைக்கிள் வாங்கிய உற்சாகத்தில் ஐரோப்பிய வீரர் ஒருவருடைய பயிற்சித் திட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அது வாரத்துக்கு 12 மணி நேரம் கேட்கும். முதல் வாரம் நடக்கும், இரண்டாம் வாரம் பாதி நடக்கும். மூன்றாம் வாரம் ஒரு லாட் ரிஜக்ட் ஆகித் திரும்பி வரும், சைக்கிள் சுவரில் சாய்ந்துவிடும். "நமக்கு மனசு உறுதி பத்தலீங்க" என்று தன்னையே நொந்துகொள்வார்கள். மனசில் குறையே இல்லை. 5 மணி நேரத்துக்கான உடம்பை 12 மணி நேரத் திட்டத்தில் போட்டதுதான் பிழை.

கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு டெய்லர் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் 72 மணி நேரம் அங்கே போகிறது. தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் பார்த்தால் இரட்டிப்புச் சம்பளம் என்கிறது. நடப்பு எப்படி என்பது ஊருக்கே தெரியும். மிச்சம் 96. தினம் 7 மணி நேரத் தூக்கத்துக்கு 49 போனால் 47. போகவர ஒரு மணி நேரம் வீதம் 6 போனால் 41. சமையல், குளியல், துணி, தண்ணீர், பிள்ளைகள், சந்தை என்று நாளுக்குச் சராசரியாக 5 மணி நேரம் வைத்தால் 35. கடைசியில் கையில் நிற்பது 6 மணி நேரம். அதிலும் ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தத்தின் விசேஷம் ஒன்று வந்துவிடும். நம்பிச் சொல்லக்கூடியது 3 மணி நேரம்.

அந்த 3 மணி நேரத்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? ஆகும். அது எப்படி என்று பார்க்க, தோலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

மிதிக்க மிதிக்க உடம்பில் இரண்டு இடங்களில் வேலை நடக்கிறது. ஒன்று இதயமும் ரத்தமும், மற்றது தொடைத் தசை. பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அதிகமாகி, ஒரு துடிப்புக்கு அது வெளியே தள்ளும் அளவும் ஏறுகிறது. தசையில் நடப்பது மெதுவான வேலை. அங்கே மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள்தான் ஆக்சிஜனைக் கொண்டு சோற்றையும் கொழுப்பையும் ஆற்றலாக்குகின்றன. 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாலோசி, எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார். ஓடிய எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. உழைப்பு தசைக்குள் புதிய உலைகளையே கட்டுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் வலுவான சான்றுகளில் அது ஒன்று.

அந்த உலைகளைக் கட்டச் சொல்லும் கட்டளை இரண்டு வழியாகப் போகிறது. நிமிடத்துக்கு 80 சுற்று என்று நிதானமாக மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 முறை சுருங்கி விரியும். ஒவ்வொரு சுருக்கத்திலும் தசை நாருக்குள் கால்சியம் வெளியாகும். அந்தச் சிறு சமிக்ஞை ஆயிரக்கணக்கில் சேர்ந்து கட்டளையாகிறது. மூச்சு முட்ட அரை நிமிடம் மிதித்தாலோ, தசையின் கைவசம் இருக்கும் ஆற்றல் சரசரவென்று இறங்கி, எரிபொருள் குறைவதைக் கண்காணிக்கும் ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இரண்டு வழியும் பி.ஜி.சி.-1 ஆல்பா என்ற ஒரே புரதத்தில்தான் போய்ச் சேர்கின்றன. ஒரே குடோனுக்கு இரண்டு கேட் இருப்பதுபோல. ஒன்றில் சரக்கு மெதுவாக, நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். இன்னொன்றில் நாலு வண்டி ஒரே சமயத்தில் வந்து நிற்கும்.

நேரம் குறைந்தவர்களுக்கு இரண்டாவது கேட் எவ்வளவு உதவும் என்பதை முதலில் பளிச்சென்று காட்டியவர்கள் ஜப்பானியர்கள். கனோயா நகரில் உள்ள தேசிய உடற்பயிற்சி, விளையாட்டு நிறுவனத்தில் இசுமி டபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழு வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் நிலைச் சைக்கிளில் மிதமாக மிதித்தது. மற்றக் குழு 20 விநாடி கடும் மிதிப்பு, 10 விநாடி ஓய்வு என்று 7, 8 முறை. மொத்தம் 4 நிமிடம் மட்டுமே. ஆறு வாரம் கழித்து, உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடியும் என்பதை, அதாவது ஆக்சிஜன் உச்சத்தை, அளந்தார்கள். மிதமாக மிதித்த குழுவுக்குக் கிலோ எடைக்கு 5 மில்லிலிட்டர் ஏறியது, கடும் மிதிப்புக் குழுவுக்கு 7. ஆக்சிஜன் போதாத நேரத்தில் தாக்குப்பிடிக்கும் திறனும் இரண்டாம் குழுவுக்கு 28 சதவீதம் கூடியது. முதல் குழுவுக்கு அது அசையவே இல்லை.

இந்த ஆய்வைச் சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். கடும் மிதிப்புக் குழுவும் வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் மிதமாக மிதித்தது. அந்த 20 விநாடி மிதிப்பு, ஆக்சிஜன் உச்சத்தைத் தொடும் வேகத்தைப்போல 1.7 மடங்கு கடுமையானது. ஏழாவது முறை முடிந்ததும் சைக்கிளை விட்டு இறங்கவே முடியாத நிலை அது. மொட்டை மாடியில் நாலு நிமிடம் குதித்துவிட்டு டபாட்டா செய்தேன் என்பது வேறு.

அவ்வளவு கடுமை வேண்டாதவர்களுக்கு 2016இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழு வெளியிட்ட ஆய்வு பொருந்தும். உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். 2 நிமிடம் சூடேற்றம், 20 விநாடி முழு வேகம், 2 நிமிடம் மெதுவாக, மறுபடி 20 விநாடி, மறுபடி 2 நிமிடம், மூன்றாவது 20 விநாடி, பிறகு 3 நிமிடம் ஆறவிடுதல். எல்லாம் சேர்த்து 10 நிமிடம். வாரத்துக்கு மூன்று முறை, 12 வாரம். ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் மிதமாக மிதித்தது. முடிவில் இரு குழுவுக்கும் ஆக்சிஜன் உச்சம் ஏறத்தாழ 19 சதவீதம் உயர்ந்திருந்தது. ஒருவர் வாரத்துக்குச் செலவழித்தது 30 நிமிடம், மற்றவர் இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல்.

ஆகவே 3 மணி நேரக்காரர் தன் நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்? செவ்வாயும் வியாழனும் விடிகாலையில் 40 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை 100 நிமிடம். ஒரு நாள் குறுகிய கடும் மிதிப்பு. இன்னொரு நாள், பேச முடியும் ஆனால் முழு வாக்கியம் வராது என்ற அளவில் 10 நிமிடம் வீதம் இரண்டு முறை. ஞாயிறு, பக்கத்தில் வருபவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே போகும் வேகம். முதல் ஒரு மாதம் கடும் மிதிப்பே வேண்டாம். முழங்காலும் நெஞ்சும் பழக வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டே முழு வேகத்துக்குப் போக வேண்டும். இதில் சமரசம் கூடாது.

இங்கே பலருக்கு வரும் குழப்பம் ஒன்று உண்டு. எண்பதுக்கு இருபது என்ற விதியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பத்து முறை சைக்கிள் எடுத்தால் எட்டு முறை மெதுவாக, இரண்டு முறைதான் கடுமையாக என்பது அதன் சுருக்கம். அமெரிக்காவில் பிறந்து நார்வேயின் ஆக்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் கண்டெடுத்த ஒழுங்கு அது. பனிச்சறுக்கு வீரர்கள், படகு வலிப்பவர்கள், சைக்கிள் வீரர்கள் என்று உலகத் தரத்தில் இருப்பவர்களின் பயிற்சிக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது, விளையாட்டு எதுவானாலும் இந்த விகிதம் திரும்பத் திரும்ப வந்தது. யாரோ ஒரு கோச் வகுத்துக் கொடுத்த சட்டம் அல்ல, பல தலைமுறை வீரர்கள் பட்டுத் தெரிந்து தாமாக வந்து சேர்ந்த இடம். அதனால்தான் அதற்கு மதிப்பு.

ஆனால் அந்த வீரர்கள் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை பயிற்சி எடுப்பவர்கள். அதில் எட்டு, ஒன்பது முறை மெதுவாகப் போனாலும் மெதுவான மணி நேரமே பதினைந்தைத் தாண்டும். கால்சியக் கேட் வழியாக வண்டி வண்டியாகச் சரக்கு இறங்கிவிடும். 3 மணி நேரக்காரர் அதே விகிதத்தைப் பிடித்தால் மெதுவான நேரம் 2 மணி 24 நிமிடம், கடுமையான நேரம் 36 நிமிடம். இரண்டு கேட்டிலும் போதுமான சரக்கு வராது. மூன்றே முறை சைக்கிள் எடுப்பவர் இருபது சதவீதம் என்றால் ஒரு முறைகூட முழுதாகக் கடுமையாக மிதிக்கக் கூடாது என்று ஆகிறது. விதி தப்பில்லை, அது யாருடைய வாரத்திலிருந்து வந்தது என்பதைப் பார்க்காமல் எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

நடுத்தர வேகம் பற்றிய சண்டையும் இப்படித்தான் தீரும். மூச்சு வாங்கும், ஆனால் ஒரு மணி நேரம் இழுக்கலாம் என்ற வேகத்தைச் சில பயிற்சியாளர்கள் வீண் என்பார்கள், சிலர் அதுவே இனிப்பான இடம் என்பார்கள். வாரத்துக்கு 3, 4 மணி நேரம் மிதிப்பவருக்கு அது நல்ல முதலீடு. மறுநாள் ஓய்வுதானே, களைப்பு தங்காது. 12 மணி நேரம் மிதிப்பவர் தினமும் அதே வேகத்தில் போனால் மூன்றாவது வாரம் கால் இரும்பாகக் கனக்கும். உடம்பு எழுந்து நிற்பதற்குள் அடுத்த அடி விழுவதால், கடுமையாக மிதிக்க வேண்டிய நாளில் கடுமை வராது. 2013இல் பிரிட்டனில் தேர்ந்த சைக்கிள் வீரர்கள் 12 பேரை வைத்து ஆறு வாரம் நடத்திய ஓர் ஆய்வில், நடுவேகத்தில் உழன்றதைவிட மெதுவும் கடுமையுமாகப் பிரித்து மிதித்ததே அதிக முன்னேற்றம் தந்தது. எல்லா ஆய்வும் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. ஆனால் மணி நேரம் ஏற ஏற மெதுவான பங்கும் ஏற வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

ஐந்திலிருந்து ஏழு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்களுக்குத் திருப்பூர் வட்டாரம் ஒரு தனி வசதி வைத்திருக்கிறது. அது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை கொங்குச் சமவெளிக்குள் பாய்கிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். மலையேற்றம் இல்லையே என்று வருந்துபவர்களுக்கு ஆடிக் காற்றே மலை.

சைலர் குழு 2013இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இந்தக் காற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. பொழுதுபோக்காகச் சைக்கிள் மிதிக்கும் 35 பேரைப் பிரித்து, பெரும்பாலோருக்கு வாரத்துக்கு இரண்டு முறை கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு 4 நிமிடம் வீதம் நான்கு முறை, சிலருக்கு 8 நிமிடம் வீதம் நான்கு, சிலருக்கு 16 நிமிடம் வீதம் நான்கு. மற்ற நாட்கள் மெதுவாக. அவரவர் அந்த நான்கையும் முடிக்கும் அளவுக்கு எவ்வளவு கடுமையாக முடியுமோ அவ்வளவு மிதிக்க வேண்டும் என்பதுதான் கட்டளை. ஏழு வாரம் கழித்து முன்னால் நின்றவர்கள் 8 நிமிடக் குழுவினர். 4 நிமிடக் குழுவைவிடச் சற்றுக் குறைந்த வேகம், ஆனால் இரு மடங்கு நேரம். அந்தக் கலவைதான் வேலை செய்தது.

இதை மங்கலம் சாலையில் வைத்துப் பார்க்கலாம். ஆடி மாதம், காலை ஆறு மணி. ஊரைத் தாண்டி மேற்கே சாமளாபுரம் திசையில் திரும்பியதும் காற்று முகத்தில் அறைகிறது. தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் வாரிவிட்ட மாதிரி கிழக்கே படுத்திருக்கின்றன. அமைதியான நாளில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு உடம்பு எதிர்கொள்ளும் காற்றும் 25தான். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அது 45 ஆகிவிடும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், அதே 25இல் போக மூன்று மடங்குக்கும் மேலான தடையைத் தள்ள வேண்டும். ஆகவே இங்கே வேகமானியைப் பார்த்து மிதிப்பவர் நாலாவது நிமிடத்திலேயே செத்துப்போவார். மூச்சைப் பார்த்து மிதிக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் "இது சுலபமாக இருக்கிறதே" என்று தோன்றுகிறது. நான்காவது நிமிடத்தில் பேச்சு ஒற்றைச் சொல்லாகச் சுருங்குகிறது. ஆறாவதில் கைகள் தாமாகவே ஹேண்டிலின் கீழ்ப்பிடிக்கு இறங்குகின்றன. எட்டு முடிந்ததும் அப்படியே திரும்பினால், அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறது. மெதுவாக மிதித்துக்கொண்டே மூச்சு வாங்கி, மறுபடி மேற்கே திரும்ப வேண்டும். முதல் தடவை ஓட்டிய தூரத்தையே நான்காவது தடவையும் எட்ட முடிந்தால் வேகம் சரியாகப் பிடிபட்டிருக்கிறது. நான்காவது பாதியிலேயே நின்றுவிட்டால் முதலாவது அதிகம்.

இதற்குப் பவர் மீட்டர் வேண்டியதில்லை. ஒரு பவர் மீட்டரின் விலையில் இங்கே இரண்டு மூன்று நல்ல சைக்கிள் வாங்கலாம். பேச்சு வருகிறதா, உடைகிறதா, நின்றுவிடுகிறதா என்ற மூன்று படி போதும். உடலியல் ஆய்வகங்கள் ரத்தத்தில் லாக்டேட்டை அளந்து பிரிக்கும் மூன்று மண்டலங்களோடு இந்தப் பேச்சுச் சோதனை நன்றாகவே ஒத்துப்போகிறது.

பத்து மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடிகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூரப் பயணங்களில் கண் வைத்தவர்கள் அவர்கள். பிரான்ஸில் பிறந்த அந்த மரபில் 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், 300ஐ 20 மணி நேரத்தில், 400ஐ 27இல், 600ஐ 40இல். இந்த எண்களைப் பார்த்து மிரள்பவர்கள் ஒரு வகுத்தல் போட்டுப் பார்க்கலாம். 200 கிலோமீட்டருக்குத் தேவையான சராசரி, டீக்கும் சாப்பாட்டுக்கும் நிற்பதையும் சேர்த்து, மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவு. வாரத்துக்கு 6 மணி நேரம் ஒழுங்காக மிதிப்பவருக்கு அது கைக்கெட்டும் தூரம். 600 அப்படியல்ல. இரவில் ஓட்டப் பழக வேண்டும், ஓட்டிக்கொண்டே சாப்பிட்டது வயிற்றில் தங்க வேண்டும், சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போகாமல் இருக்க வேண்டும். இவற்றை எந்த 20 விநாடியும் சொல்லித் தராது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் 33 கிலோமீட்டரும் அப்படித்தான். மணிக்கணக்கில் ஒரே சீராக எரியும் உடம்பு வேண்டும். அங்கே எண்பதுக்கு இருபது தன் முழு அர்த்தத்தோடு வேலை செய்கிறது.

இவ்வளவும் அமைதியான வாரங்களுக்கு. திருப்பூரில் வாரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய தேதி நெருங்கினால் பேக்கிங்கில் இருப்பவருக்கும் மெர்ச்சண்டைசருக்கும் வீடே மறந்துவிடும். அந்த இரண்டு மூன்று வாரம் பயிற்சி என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் 1980களில் பொறுமையாக விடை தேடினார். பத்து வாரம், வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று ஆட்களைச் சைக்கிளிலும் ஓட்டத்திலும் கடுமையாகப் பழக்கினார். பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார். 1981இல் நாட்களைக் குறைத்தார். ஆறை நான்காக்கினாலும் இரண்டாகவே ஆக்கினாலும், 15 வாரம் வரை ஆக்சிஜன் உச்சம் அப்படியே நின்றது. 1982இல் நேரத்தைக் குறைத்தார். 40 நிமிடம் 26 ஆனாலும் 13 ஆனாலும் உச்சம் இறங்கவில்லை, 13 நிமிடக்காரர்களுக்கு நெடுநேரம் தாக்குப்பிடிப்பது மட்டும் கொஞ்சம் குறைந்தது. 1985இல் நாளையும் நேரத்தையும் அப்படியே வைத்து, கடுமையை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தார். இறங்க ஆரம்பித்துவிட்டது.

ஷிப்மென்ட் வாரத்துக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை, கால் மணி நேரம் வீதம், மூச்சு வாங்க மிதித்தால் கட்டியதை இடியாமல் காக்கலாம். ஆனால் நாம் இயல்பாகச் செய்வது இதற்கு நேர் எதிர். களைப்பாக இருக்கிறதே என்று வேகத்தைக் குறைத்து அரை மணி நேரம் உருட்டிவிட்டு வருவோம். முற்றிலும் நிறுத்திவிட்டாலோ சரிவு வேகமாக வருகிறது. 1984இல் எட்வர்ட் காயில் குழு நல்ல பயிற்சியில் இருந்தவர்களை நிறுத்தச் சொல்லி அளந்தபோது 21 நாளில் ஆக்சிஜன் உச்சம் 7 சதவீதமும், 56 நாளில் 16 சதவீதமும் இறங்கியிருந்தது.

இனி, எந்தப் பயிற்சித் திட்டமும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று. அயர்னிங் டேபிளில் பன்னிரண்டு மணி நேரம் நீராவிக்கு நடுவில் நின்றவருக்கும், செக்கிங்கில் நாள் முழுக்கக் குனிந்து நின்ற பெண்ணுக்கும் அந்த உழைப்பு உடற்பயிற்சி ஆகாதா? ஆகாது என்கிறது டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் போன்றோரின் ஆய்வு. ஓய்வு நேரத்தில் செய்யும் உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது. வேலையில் செய்யும் உடலுழைப்பு அப்படிக் காப்பதில்லை, சில ஆய்வுகளில் கெடுதலாகவே தெரிகிறது. இதயத்தைப் பழக்கும் அளவுக்கு அதில் கடுமை இல்லை, ஆறவிடும் அளவுக்கு ஓய்வும் இல்லை. ரத்த அழுத்தம் மட்டும் மணிக்கணக்கில் உயர்ந்தே நிற்கிறது. ஆகவே நாள் முழுக்க நின்றவரிடம் போய், வேலையே எக்சர்சைஸ்தானே என்று சொல்வது அறியாமை. அவருக்குப் பயிற்சி வேண்டும், அதற்கு முன்னால் உட்கார நாற்காலியும் உறங்க நேரமும் வேண்டும். நிட்டிங்கில் நைட் ஷிப்ட் முடித்து வருபவர் அன்று காலை கடும் மிதிப்பில் இறங்கவே கூடாது. தூக்கத்தில்தான் தசை தன்னைக் கட்டிக்கொள்கிறது. தூக்கத்தை வெட்டிப் பயிற்சி நேரம் எடுப்பது, தைத்த துணியையே பிரித்து நூல் எடுப்பதுபோல.

பெண்களைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது குறைந்த உடம்பில் இதயம் எவ்வளவு வேகமாக அடித்தாலும் தசைக்குப் போய்ச் சேரும் சரக்கு குறைவுதான். மேம்பாலம் ஏறினாலே படபடக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் அதைப் பயிற்சிக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து. சைக்கிள் அதன் பிறகு.

கடைசியாக, இந்த ஊரில் உண்மையிலேயே அதிக நேரம் மிதிப்பவர்கள் யார் என்று பார்த்தால், ஐந்தரை மணி ஜெர்சிக்காரர்கள் அல்ல. காலை எட்டு மணிக்குக் கேரியரில் டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போகிறவர்கள். ப்ளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த இலவச சைக்கிளையே இன்னும் வைத்திருப்பவர்களும் அதில் உண்டு. வீட்டுக்கும் கம்பெனிக்கும் 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போக 24 நிமிடம், வர 24. ஆறு நாளுக்கு 4 மணி 48 நிமிடம். மேலே 3 மணி நேரம் என்று கணக்குப் போட்ட அதே டெய்லர் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் என்றால், போகவர எழுதிய அந்த 6 மணி நேரத்துக்குள்ளேயே இது ஒளிந்திருக்கிறது. கால்சியக் கேட் தினமும் இரண்டு முறை திறக்கிறது. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மரண ஆபத்து மற்றவர்களைவிட 41 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. சைக்கிள் மட்டுமே காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது என்றாலும், எண்ணிக்கை சிறியதல்ல.

அவர்களிடம் இல்லாதது இரண்டாவது கேட் மட்டும்தான். அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் தேட வேண்டியதில்லை என்பதைக் கனடாவில் 2019இல் வந்த ஒரு சிறு ஆய்வு காட்டுகிறது. 60 படிகளை வேகமாக ஏறுவது, சில மணி நேரம் கழித்து மறுபடி ஏறுவது என்று நாளுக்கு மூன்று முறை, வாரத்துக்கு மூன்று நாள். ஆறு வாரத்தில் ஆக்சிஜன் உச்சம் சிறிதளவு, ஆனால் உறுதியாக, உயர்ந்தது. அரை நிமிடத்துக்கும் குறைவான வேலைகள் மணிக்கணக்கில் தள்ளித்தள்ளி வந்தாலும் உடம்பு அவற்றைச் சேர்த்து எழுதிக்கொள்கிறது.

ரயில் பாதையைக் கடக்கத் திருப்பூரில் பலர் பாலம் ஏறுகிறார்கள். காலை எட்டு மணிக்கு முன்பு, பஸ்களின் நெரிசல் தொடங்கும் முன், இடது ஓரமாக வரும் ஒருவர் பாலத்தின் அடிவாரத்தில் சீட்டிலிருந்து எழுந்து நிற்கிறார். இருபது கிலோ இரும்புச் சைக்கிள், கேரியரில் சாப்பாடு, ஹேண்டிலில் தண்ணீர் பாட்டில் தொங்கும் பை. பெடல் ஒவ்வொன்றாக இறங்குகிறது, பை முழங்காலில் இடிக்கிறது, பாதியில் வாய் திறந்துகொள்கிறது. உச்சியில் உட்கார்ந்து மிதிப்பதை நிறுத்துகிறார். இருபத்தைந்து விநாடி ஆகியிருக்கும். இறக்கத்தில் காற்று சட்டையை உப்ப வைக்க, மூச்சு அடங்குவதற்குள் கம்பெனி சங்கு கேட்கிறது. இரவு எட்டரைக்கு அதே பாலத்தை அவர் எதிர்ப்பக்கமிருந்து ஏற வேண்டும்.